மாங்கூழும் முன்மொழிவும்

பன்னாட்டு வணிகக் கல்விக்கு நல்கை கோரி முன்மொழிவு எழுதுவது எப்படி என்று இம்மாதத்தில் மட்டும் நான்கு கல்லூரிகளின் ஆசிரியர்கள் என்னிடம் கேட்டுவிட்டனர். நால்வரும் வேண்டியது ஒரு மாதிரிப் படிவம். அனுப்புவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆயினும் அதனால் பெரும்பயன் விளையும் என்று நான் நம்பவில்லை. அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அலிபிரியில் தங்கி ஆய்வு செய்துவரும் இந்த ஆண்டுகளில், திருப்பதி, சித்தூர் வட்டாரக் கல்லூரிகள் சிலவற்றின் முன்மொழிவுகளைப் படித்துக் கருத்துரைத்திருக்கிறேன். பெரும்பாலானவை உலகம் சுருங்கிவிட்டது என்ற அறிவிப்புடன் தொடங்கும். மாணவர்களை உலகத் தரத்திற்கு உயர்த்துவது நோக்கம் என்று அடுத்த பத்தி கூறும். அதன்பின் ஒரு கணினிக்கூடம், இருநாள் கருத்தரங்கு, மறவாமல் ஒரு குளிரூட்டி. கல்லூரியின் பெயரை மறைத்துவிட்டால் அது சித்தூரிலிருந்து வந்ததா, சில்சாரிலிருந்து வந்ததா என்று மதிப்பீட்டாளரால் சொல்ல இயலாது.

இவ்வளவும் எழுதப்படுவது எந்த ஊரில் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஏறிச் செல்லும் அடியார்கள் மலைமேல் காணிக்கையாகத் தரும் தலைமுடி, மின்னேலத்தில் விற்கப்பட்டுக் கடல்கடந்த சந்தைகளைச் சென்றடைகிறது. பதப்படுத்தாத மனித முடியின் ஏற்றுமதிக்கு நடுவண் அரசு 2022 சனவரியில் கட்டுப்பாடு விதித்தது. ஏற்றுமதிக் கொள்கை என்னும் பாடத்திற்கு இதைவிட அருகில் வேறு எடுத்துக்காட்டு கிடைக்குமா? சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டியில் ஜப்பானிய நிறுவனங்கள் பல இயங்குகின்றன. சித்தூரின் தோத்தாபுரி மாம்பழமோ கூழாகிக் கலங்களில் அடைபட்டுச் சவூதி அரேபியாவுக்கும் நெதர்லாந்துக்கும் கப்பலேறுகிறது. தமிழ்நாட்டில் நாம் கிளிமூக்கு என்று அழைக்கும் அதே பழம்தான். கிருஷ்ணகிரியும் சித்தூரும் இந்தியாவின் மாங்கூழ்த் தொழிலுக்கு இரு கண்கள்.

2025 கோடையில் அந்தப் பழத்தின் விலை வீழ்ந்தது. முந்தைய பருவத்துக் கூழ் ஆலைகளில் விற்காமல் தேங்கியிருந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் சேர்த்து உழவருக்கு 12 ரூபாய் கிடைக்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரச் சித்தூர் மாவட்டம் தடை விதிக்க, கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது முற்றியது. அந்தப் பருவத்தில் ஆலை வாயிலில் டிராக்டர் வரிசையில் காத்துநின்ற உழவர்களின் பிள்ளைகள், இங்குள்ள வணிகவியல் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பன்னாட்டு வணிகம் என்பது வீட்டுக் கடன். அவர்கள் கையில் நாம் தரும் பாடநூலில் இருப்பதோ அயல்நாட்டுக் குளிர்பான நிறுவனத்தின் கதை!

அமெரிக்காவில் இதற்கெனவே ஒரு நல்கைத் திட்டம் இருந்தது. அந்நாட்டு உயர்கல்விச் சட்டத்தின் ஆறாம் தலைப்பில், 1980-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த பகுதி அது. விண்ணப்பிக்கும் கல்லூரி, பன்னாட்டு வணிகத்தில் ஈடுபட்டுள்ள ஒரு நிறுவனத்துடனோ வணிகர் சங்கத்துடனோ செய்துகொண்ட ஒப்பந்தத்தின் படியை விண்ணப்பத்துடன் இணைத்தாக வேண்டும். செலவில் பாதிக்குமேல் அரசு தராது. இரண்டும் கடுமையான விதிகள் போலத் தோன்றும். எனக்கு அவற்றில் நல்ல விவேகம் தெரிகிறது. எழுதுமுன் கல்லூரி வாயிலைத் தாண்டி ஒரு வணிகரைச் சந்தித்துப் பேசும்படி அவை ஆசிரியரை வற்புறுத்தின. நம் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லாவிடினும், இருப்பதாகக் கருதிக்கொண்டு எழுதுவது நல்லது.

இங்குள்ள வாயில்கள் குறுகலானவை என்பதும் உண்மை. 2018-இல் தொடங்கிய ஸ்பார்க் திட்டம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் கூட்டாய்வுக்கு வழிசெய்கிறது. ஆனால் தேசியத் தரவரிசையில் முன்னிடம் பெற்ற நிறுவனங்களையே அது முதன்மையாகக் கருதுகிறது. சிறு கல்லூரிகள் சமூக அறிவியல் ஆய்வுக் குழுமம் போன்ற அமைப்புகளின் சிறிய நல்கைகளையே நாட வேண்டும். தொகை சிறிதாயினும் கேள்வி கூர்மையாக இருக்கலாமே.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியின் துறைத்தலைவருடன் அமர்ந்து முன்மொழிவு ஒன்றை உருவாக்கினோம். அம்மையார் முப்பதாண்டு வகுப்பறை கண்டவர். ‘உலகத் தரம்’ என்ற சொல்லை நான் அடித்தபோது, “அதை எடுத்துவிட்டால் என்னய்யா மிஞ்சும்?” என்று சிரித்தார். மாங்கூழ் விலையை யார், எந்த நாட்டில், எந்த மாதத்தில் தீர்மானிக்கிறார்கள் என்பதை மாணவர்களே கண்டறியும் ஒரு பருவப் பாடம் மிஞ்சியது. ஆலை மேலாளர் ஒருவர் ஆதரவுக் கடிதம் தர இசைந்தார். முதலில் வந்தது வழக்கமான வாழ்த்துரை. மீண்டும் சென்று, எத்தனை மாணவர்களை எத்தனை நாள் ஏற்பார், எந்த ஆவணங்களைக் காட்டுவார் என்று எழுதித் தரக் கேட்டோம். பன்னிரண்டு மாணவர்கள், பத்து நாள்கள்; ஏற்றுமதிப் பட்டியல், ஐரோப்பிய வாங்குநர் கேட்கும் பூச்சிக்கொல்லி எச்சச் சான்று. அந்த அரைப்பக்கக் கடிதமே முன்மொழிவின் உயிர் என்று இன்றும் கருதுகிறேன்.

வரவுசெலவுத் திட்டத்தில் எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் விமானச் செலவு இல்லாமல் பன்னாட்டு என்ற சொல்லுக்கு மதிப்பிருக்காது என்றார் அம்மையார். அது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கும் என்றேன். இறுதியில் சேர்த்தோம், தனித் தலைப்பாக. அதை நீக்கினாலும் ஏனையவை குலையாதவாறு அட்டவணையை அமைத்தோம்.

நல்கை கிடைத்தது, கேட்டதில் பாதிக்குச் சற்று மேல். குழு முதலில் வெட்டியது அந்த விமானச் செலவைத்தான். மாணவர்கள் வரும் ஆனி மாதத்தில் ஆலைக்குச் செல்கிறார்கள். பன்னிருவரில் நால்வரின் வீட்டுப் பழம் அதே ஆலைக்குத்தான் போகிறது.