சோஸ் போத்தலும் 35 நிமிடமும்

தக்காளி மலிந்த மாதங்களில் எங்கள் மாதர் சங்கப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து சோஸ் காய்ச்சிப் போத்தலில் அடைத்து விற்கிறோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சாதாரண சமையல் வேலை. ஆனால் நிரப்பிய போத்தலை எவ்வளவு நேரம் கொதிநீரில் வைப்பது என்பதில் எங்களுக்குள் ஓயாத வழக்கு உண்டு.

"நிறமெல்லாம் கறுத்துப்போகுது பிள்ளை, 20 நிமிசத்தோட இறக்கினாக் காணாதோ?" என்று மூத்த மாமி கேட்பார். விறகுக் கணக்குப் பார்க்கும் அக்காவும் அவர் பக்கம்தான். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேகும் நேரம் கூடக்கூட விற்றமின் சி குறையும், மணம் போகும், சிவப்பு மங்கும். கடையில் எவரும் பளிச்சென்ற போத்தலைத்தானே எடுப்பார்கள்?

ஆனாலும் அரை லீற்றர் போத்தலுக்கு, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 35 நிமிடம் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. பானை கொதித்தவுடன் போத்தலின் நடுப்பகுதி சூடேறிவிடாது. சோஸ் தடிப்பானது. வெப்பம் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் உள்ளே போகும். ஓரம் அளவுக்கு மேல் வெந்த பிறகே நடுவுக்குப் போதிய சூடு கிடைக்கும். நாங்கள் நேரம் பார்ப்பது அந்த நடுப்பகுதிக்காகவே. நிறத்தைக் காப்பாற்ற வேறு வழி தேடினோம். பெரிய போத்தலை விட்டுச் சிறிய போத்தலுக்கு மாறினோம். நேரம் முடிந்ததும் தாமதிக்காமல் வெளியே எடுத்து ஆறவிடுகிறோம்.

போத்தலுக்குக் கால் தேக்கரண்டி சிற்றிக் அமிலமும் சேர்க்கிறோம். இது சுவைக்காக மட்டும் அல்ல. குளொஸ்ரீடியம் பொற்றுலினம் என்ற பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாகாமல் கிடக்கும். காற்றில்லாத போத்தலுக்குள் அவை முளைத்தால் உயிரைப் பறிக்கும் நஞ்சு உண்டாகும். உணவின் மணமோ நிறமோ மாறாமலே இருக்கக்கூடும். பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அது 4.6 அல்லது அதிலும் குறைவாக இருந்தால் அந்த வித்திகள் முளைப்பதில்லை. தக்காளி இந்த எல்லைக்கு மிக அருகில் நிற்பது. அதனால்தான் மேலதிகப் புளிப்பு.

ஒருமுறை கடைக்காரர் ஒருவர், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப மீன்கறியும் போத்தலில் அடைத்துத் தரும்படி கேட்டார். சோஸை விட நல்ல விலை. எங்களில் ஒருவர் தனியாக நின்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை.

கறியில் அந்தளவு புளிப்பு இல்லை. அதன் நடுப்பகுதி 121 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 3 நிமிடம் இருக்கவேண்டும். திறந்த பானையில் தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது. தொழிற்சாலைகளில் பெரிய அழுத்தக் கலங்களும், நடுச்சூட்டை அளக்கும் கருவிகளும் உண்டு. ரின்மீனின் முள் பிள்ளைகளும் மெல்லக்கூடிய அளவுக்கு மெதுவாக இருப்பது அந்தச் சூட்டினால்தான். வீட்டுப் பிரஷர் குக்கரை வைத்து அதை நிச்சயப்படுத்த எங்களுக்கு வழியில்லை.

கறிக்குப் பதிலாகத் தேசிக்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தோம். வருமானம் குறைவுதான். என்றாலும் அந்தப் போத்தலை எங்கள் பிள்ளைகளுக்கும் பயமின்றித் திறந்து கொடுக்கலாம். வீட்டில் இத்தொழில் தொடங்கும் சகோதரிகளே, நிறத்திலும் விறகிலும் சிக்கனம் பாருங்கள். நேரத்திலும் புளிப்பிலும் மட்டும் பார்க்கவேண்டாம்.