வெயிலுக்குள்ளிருந்து வந்த காற்று

நாட்காட்டிக் கணக்கில் அது இன்னும் வசந்தம்தான். ஆனால் ஒன்ராறியோவில் கோடையைத் தொடக்கிவைப்பது மே மாதத்து விக்டோரியா தின விடுமுறை. அதுவரை உறைபனிப் பயம் இருக்கும். அந்த நீண்ட வார இறுதியில்தான் தக்காளிக் கன்றும் மிளகாய்க் கன்றும் மண்ணுக்குப் போகும். குளிர்காலம் முழுக்க யன்னலோரம் நின்று இலை கொட்டிய கறிவேப்பிலைச் சாடி வெளிக்காற்று வாங்க வரும். 2022 மே 21, சனிக்கிழமை. ரொறன்ரோவிலும் அதற்குக் கிழக்கே டர்ஹம் வட்டாரத்திலும் எத்தனையோ தமிழ் வீடுகளின் பின்வளவில் அன்று இந்த வேலைதான். புழுக்கமும் ஊர்ப் புழுக்கம்.

மதியத்தை ஒட்டி வீட்டிலிருந்த கைபேசிகள் எல்லாம் ஒன்றாக அலறின. குழந்தை கடத்தப்பட்டால் வரும் அதே அலறல். கடும் இடிமழைக்கும் அப்படி அலறவைக்கும் ஏற்பாடு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. அதுவும் மணிக்கு 130 கிலோமீட்டர் காற்றையோ மிகப் பெரிய ஆலங்கட்டியையோ எதிர்பார்த்தால் மட்டும்.

“இடிமழைதானே பிள்ளை, பெய்யட்டும். வெக்கை தணியும்” என்று சொல்லிவிட்டுச் சாடிக்கு மண் போட்டுக்கொண்டிருந்த அம்மாக்களைக் குறை சொல்ல முடியாது. வங்காள விரிகுடாவின் கரையில் வளர்ந்தவர்களுக்குப் புயல் என்றால் முதலில் வானொலியில் தாழமுக்கம் வரும். வானம் மூடும், கடல் கறுக்கும், தோணிகள் கரையேறும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துப் பிள்ளைதான். வெயில் எறித்துக்கொண்டிருக்கும் பகலில் புயலைத் தேடும் பழக்கம் யாருக்கும் இல்லை.

மேற்கு வானம் ஊதாக் கறுப்பாக மாறியது. பிறகு காற்று. மேசைக்குடை எழும்பி வேலி தாண்டியது. பிள்ளைகள் குதிக்கும் வட்ட வலைமேடை அடுத்த வளவுக்குள் கவிழ்ந்தது. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் அறைந்தது. சுவரோடு ஒட்டிக்கிடந்த பீலி பிய்ந்து தொங்கியது. கனடா வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் நிற்பவை. அந்தக் காற்றில் அவை முனகுவது காதில் கேட்கும். நிலவறைக்கு ஓடுவதா வேண்டாமா என்று வாதாடி முடிவதற்குள் எல்லாம் முடிந்தும் விட்டது.

டெரேச்சோ என்பார்கள் இதை: இடிமேகங்கள் ஒரே வரிசையாக அணிவகுத்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு நேர்க்கோட்டுக் காற்றால் அடித்துக்கொண்டே போகும் புயல். சுழலும் கண் கிடையாது. ஈரமும் வெக்கையும் ஏறிய காற்று மேலெழுந்து மேகமாகிறது; உள்ளே மழைத்துளி ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனத்து, தொப்பென்று இறங்குகிறது. சீமெந்துத் தரையில் கவிழ்த்த வாளித் தண்ணீர்போல அது தரையில் மோதி முன்னோக்கிச் சிதறும். அப்படிச் சிதறும் குளிர்காற்று முன்னாலிருக்கும் வெக்கைக் காற்றை நெம்பி மேலே தள்ள, அங்கே அடுத்த இடிமேகம் பிறக்கிறது. தனக்கான தீனியைப் போகிற வழியிலேயே தேடிக்கொள்ளும் புயல். ஒன்ராறியோவின் தென்மேற்கு மூலையில் முற்பகலில் நுழைந்தது, இரவுக்குள் கியூபெக் நகரத்தை எட்டிவிட்டது. ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர்! கடலில் நாள்கணக்கில் ஊர்ந்து வரும் சூறாவளிக்குத்தான் பெயர் வைக்க அவகாசம் இருக்கும்.

பிறகு ஆய்வாளர்கள் காடுகளுக்குள் போய் விழுந்த மரங்களைப் படித்தார்கள். எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தால் நேர்க்காற்று. ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தால் சுழல்காற்று. இரண்டும் இருந்தன. ஒட்டாவா அருகே காற்று மணிக்கு 190 கிலோமீட்டர் வரை வீசியதாகக் கணித்தார்கள்; அக்ஸ்பிரிட்ஜ் ஊரை அதே புயலுக்குள் பிறந்த சுழல்காற்று கிழித்திருந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் மரம் விழுந்து. மே மாத மரம் இலைகட்டி நிற்கும். கப்பல் பாய்போலக் காற்றைப் பிடிக்கும். அதே காற்று ஜனவரியில் மொட்டைக் கிளைகளுக்குள் புகுந்து போயிருக்கும்.

ஒட்டாவாவில் மட்டும் சுமார் 1,80,000 மின் இணைப்புகள் அறுந்தன. மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் முறிந்தன; சில இடங்களில் மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கும் மேலானது. சமையல் அடுப்பே மின்சாரத்தில் ஓடும் வீட்டில் அதன் அர்த்தம் வேறு. பின்வளவு பார்பிக்யூவில் தேநீர் கொதித்தது. ஆழ்குளிர்ப் பெட்டியில் மாதக்கணக்குக்கு அடுக்கியிருந்த மீனும் ஆட்டிறைச்சியும் உருகத் தொடங்க, மின்சாரம் இருந்த ஒன்றுவிட்ட சகோதரர் வீடுகளுக்குக் கூடை கூடையாகப் பயணமாயின. மிச்சத்தைச் சமைத்து அயலுக்குக் கொடுத்தார்கள். அத்தனை வருடம் கையசைப்போடு நின்ற பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் அன்று மீன்குழம்பின் உறைப்பை அறிந்திருப்பார்.

அடுத்து காப்புறுதிக்காரர்கள். அங்கே ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. மரம் கூரையில் விழுந்தால் பழுதுக்குப் பொதுவாக நிறுவனம் பணம் தரும். பக்கத்து வீட்டு மரம் என்றாலும் கேட்க வேண்டியது உங்கள் நிறுவனத்திடம்தான். எதன் மீதும் படாமல் புல்தரையில் நல்லபிள்ளையாகச் சாய்ந்த மரத்தை வெட்டி அகற்றுவது பெரும்பாலும் வீட்டுக்காரர் செலவு. அந்த வாரம் மரம் வெட்டுபவர்களைத் தொலைபேசியில் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.