கையும் சுருதியும்

இசைத்தட்டொன்று சுழலும்போது அதன் வேகமும் அதிலிருந்து எழும் ஒலியின் சுருதியும் ஒன்றைவிட்டு ஒன்று நீங்கா. வேகத்தைக் கூட்டினாற் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். சாவி கொடுத்து இயக்கிய கிராமபோன் பெட்டியின் வில் தளரத் தளர, அதிற் பாடியவரின் குரல் பாதாளத்தை நோக்கி இறங்கியதை நம் முந்திய தலைமுறையினர் கேட்டிருப்பர். சுருதி மாதா, லயம் பிதா என்பர் இசைவாணர். இசைத்தட்டைப் பொறுத்தவரையில் இம்மாதாவும் பிதாவும் பிரிக்கவொண்ணாத தம்பதியர். அவர்களைப் பிரித்துவைக்கும் ஓர் உபாயத்தைப் பற்றியும், அப்பிரிவு வேண்டாத ஓரிடத்தைப் பற்றியும் இங்கு கூற விழைகின்றேன்.

இசைத்தட்டுகளை இணைத்து இசைக்கும் டீ.ஜே. கலையிற் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகின்றேன். கற்பித்தற் றொழிலில் உள்ள ஒருவருக்கு இது தகுமா என்று நண்பர் சிலர் வினவியதுண்டு. அவ்வினாவை இங்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

இரு பக்கமும் இரு சுழல்தட்டுகளை வைத்து, நடுவே ஒலிக்கலவைக் கருவியொன்றை அமைத்து, ஒரு பாடல் முடியுமுன் மற்றையதை அதனோடு தாளம் பிசகாமற் சேர்ப்பதே டீ.ஜே. ஒருவரின் அடிப்படைப் பணியாகும். இரு பாடல்களும் ஒரே வேகத்தில் அமைவது அரிது. ஆகவே ஒன்றைச் சற்றே விரைவாக்கவோ தாமதிக்கவோ வேண்டும். 1972இல் ஜப்பானில் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 என்னும் சுழல்தட்டு, 1979இல் இரண்டாம் வடிவம் பெற்றபோது, வேகத்தை 8 சதவீதம் வரை ஏற்றவும் இறக்கவும் உதவும் நகர்பிடியொன்றைக் கொண்டிருந்தது. 8 சதவீதம் அற்பமெனத் தோன்றலாம். ஆயின் 440 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய சுரம் அதனால் 475 ஹேர்ட்ஸ் ஆகிவிடும். அதாவது ஓர் அரைச்சுரத்தோடு மேலும் அதன் மூன்றிலொரு பங்கும் ஏறிவிடும். பழகிய பாடகரின் குரல் வேறொருவரின் குரல்போற் கேட்கும். இவ்விடரைத் தீர்க்க எழுந்ததே ‘கீ லொக்’ எனப்படும் சுருதிப்பூட்டு. 1994இற் பயனியர் நிறுவனம் வெளியிட்ட சிடிஜே-500 என்னும் இறுவட்டுக் கருவியில் இது ‘மாஸ்டர் ரெம்போ’ என்ற பெயரில் அமைந்திருந்தது. இன்று டீ.ஜே. மென்பொருள்களில் ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். வேகம் மாறும், சுருதி நிலைத்து நிற்கும்.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? ஒலியை மில்லிசெக்கன் அளவிலான சிறு துண்டுகளாக நறுக்கி, விரைவு வேண்டுமிடத்துச் சிலவற்றை விட்டும், தாமதம் வேண்டுமிடத்துச் சிலவற்றை மீளச் சொல்லியும், ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துத் தைப்பது ஒரு முறை. துண்டுக்குள் ஒலி தன் இயல்பான வேகத்திலேயே ஓடுவதாற் சுருதி கெடாது. ஒலியை அதன் மீடிறன்களாகப் பகுத்து, அவற்றைக் காலத்தில் நீட்டியோ சுருக்கியோ மீளத் தொகுப்பது மற்றொரு முறை. பேஸ் வோகோடர் எனப்படும் இம்முறையைப் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளானகன், கோல்டன் ஆகிய இருவரும் 1966இல் விவரித்தனர். எம்முறையாயினும் ஒரு நிபந்தனை உண்டு. துண்டொன்றைக் கையாளுமுன் அத்துண்டு முழுவதையும் கருவி அறிந்திருத்தல் வேண்டும். 2,048 மாதிரிகள் கொண்ட துண்டு, செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்னும் வழமையான வீதத்தில், ஏறத்தாழ 46 மில்லிசெக்கன் நீளமுடையது. பாடல் ஒன்று சீராக ஓடும்போது இது ஒரு பொருட்டன்று. தையல் ஓரளவு தெரியும், மேளத்தின் முதல் அடி சற்று மழுங்கும், அவ்வளவே.

இனி ஸ்கிறாச் என்பதற்கு வருவோம். 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதியிற் சிறுவனாயிருந்த தியடோர் என்பவர், பின்னாளிற் கிராண்ட் விசார்ட் தியடோர் எனப் புகழ்பெற்றவர், வீட்டில் இசைத்தட்டை உரக்க ஒலிக்கவிட்டபோது தாயார் வந்து கடிந்துகொண்டாராம். அவர் பேசி முடிக்கும்வரை தட்டைக் கையாற் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக் கொண்டிருந்த சிறுவன், அவ்வசைவின் ஒலியையே இசையாகக் கண்டான் என்பது அவர் சொல்லிவரும் வரலாறு. கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் 1981இல் வெளியிட்ட இசைத்தட்டிலும், 1983இல் ஹேர்பி ஹான்கொக்கின் ‘றொக்கிற்’ என்னும் பாடலிற் கிராண்ட்மிக்சர் டி.எஸ்.ரி. கையாண்ட பகுதிகளிலும் இக்கலை உலகெங்கும் கேட்டது. ஒலியைத் திருப்பிச் சொல்வதற்கென ஆக்கப்பட்ட பொறி, அன்று முதல் ஒலியைப் பிறப்பிக்கும் வாத்தியமாயிற்று எனலாம்.

ஸ்கிறாச்சில் ஒலிப்பது யாது? தட்டிற் பதிந்துள்ள குரலோ மேளமோ அதன் மூலப்பொருள் மட்டுமே. கை ஓய்வுநிலையிலிருந்து புறப்பட்டு, செக்கனின் பத்திலொரு பங்கிற்குள் இயல்பு வேகத்தின் பன்மடங்கை எட்டி, மீண்டும் ஓய்ந்து, பின்னோக்கித் திரும்புகின்றது. அவ்வேகத்தின் ஏற்றமும் இறக்கமுமே சுருதியின் ஏற்றமும் இறக்கமுமாக நம் காதில் விழுகின்றன. வேறு வகையாகக் கூறின், நாம் கேட்பது கையின் பயணத்தை. அப்பயணத்திற்குச் சுருதியே எழுத்து.

இந்நிலையிற் சுருதிப்பூட்டை இட்டு ஸ்கிறாச் செய்தால் என்ன ஆகும்? கை எவ்வேகத்திற் சென்றாலும் சுருதி அசையக்கூடாதெனக் கருவி முயலும். 46 மில்லிசெக்கன் துண்டொன்றை அது பகுத்து முடிக்குமுன் கை திசைமாறியிருக்கும். வேகமான நகர்வில் துண்டுகள் உதிர்ந்து ஒலி பொரியும். மெதுவான நகர்வில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஒலித்து வண்டுபோல் இரையும். கை முற்றாக நின்றுவிட்டாலோ கோட்பாட்டின்படி அக்கணத்தின் சுரம் முடிவின்றி நீளவேண்டும்! தட்டு நின்றால் ஒலியும் நிற்கும் என்னும் எளிய உண்மை இங்கு பொய்த்துவிடுகின்றது. கருவி பழுதடைந்துவிட்டதென்று புதியவர் எண்ணுவதுண்டு. பழுது ஏதுமில்லை, இட்ட கட்டளையை அது வழுவாது நிறைவேற்ற முயல்கின்றது, அவ்வளவே.

வேகத்தாற் கெட்ட சுருதியின்மீது எனக்கு ஏற்பட்ட பற்றுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில் நான் சிறுவன். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, மிதித்து, டைனமோவின் மின்னாற் கசெற் கேட்டோம். மிதிப்பது சிறுவர் பணி. கால் சோர்ந்தாற் பாட்டின் சுருதி இறங்கும், உடனே “மிதியடா!” என்ற குரல் உள்ளேயிருந்து எழும். இரு மடங்கு வேகத்தில் மிதிப்போம். பாட்டு திடுக்கிட்டு ஏறும். அக்காலத்தில் நான் கேட்ட பாடல்கள் யாவற்றிலும் பாடியவரின் குரலோடு மிதித்தவரின் களைப்பும் கலந்திருந்தது. பின்னர் அதே பாடல்களைச் செம்மையான ஒலிப்பதிவிற் கேட்டபோது ஒன்று குறைவதுபோற் பட்டது. இதனை வாதமாக முன்வைக்கவில்லை. என் செவியின் வரலாறாகவே கூறுகின்றேன்.

வாதம் புரிந்தவர் என் நண்பி ஒருவர். கர்நாடக இசை கற்பிப்பவர். தம்புராவின் மடியில் வளர்ந்த செவி. “சுருதியைப் பிடிச்சு வைக்க ஒரு வழி இருக்கேக்க அதை ஏன் விடுறீர்?” என்று கேட்டார். அவ்வினாவை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. பாடகி ஒருவர் தம் குரலுக்கேற்பத் தேர்ந்த சுருதியில் மனமுருகிப் பாடிய பாட்டை, ஆடுவோரின் வசதிக்காக அரைச்சுரம் ஏற்றுவதற்கு எமக்கு என்ன உரிமை? இவ்விடத்தில் அவர் கூற்றே சரியென்பது என் கருத்து. பாடல் பாடலாகவே ஒலிக்குமிடத்துச் சுருதிப்பூட்டு பாடியவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

ஒருநாள் தம்புரா ஒலிப்பதிவொன்றையே தட்டில் ஏற்றி இருவகையாகவும் ஸ்கிறாச் செய்து காட்டினேன். பூட்டு இருந்தபோது நாதம் ஏறக்குறைய அசையாமல் நின்றது. மெல்லிய நடுக்கமொன்று மட்டும் கேட்டது. என் கை வியர்க்க உழைத்தும் உழைப்பு வெளியே தெரியவில்லை. பூட்டை நீக்கியதும் நாதம் பருந்துபோல் மேலெழுந்து கீழ்ப்பாய்ந்தது. நண்பி காதைப் பொத்திக்கொண்டார். ஆயினும் சிறிது நேரத்தின் பின், ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு வழுக்கிச் செல்வது ஜாருவில் இல்லையா என்று தமக்குட் சொல்வதுபோற் சொன்னார். அவ்வொப்புமையை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. ஜாருவுக்குப் புறப்படும் இடமும் சேரும் இடமும் உண்டு. ஸ்கிறாச்சுக்குப் பெரும்பாலும் இல்லை.

பெரும்பாலும் என்றேன், ஏனெனில் விதிவிலக்கு உண்டு. கனடாவைச் சேர்ந்த கிட் கோலா என்பவர் 2000இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் ‘டிரங்க் ட்ரம்பெற்’ என்றொரு பகுதி உளது. பதிவுசெய்யப்பட்ட எக்காள ஒலியைக் கையின் வேகத்தால் வளைத்து வளைத்து, குடிமயக்கத்திற் றள்ளாடும் கலைஞனொருவன் வாசிப்பதுபோல அவர் இசைக்கின்றார். சுரங்கள் அனைத்தும் வேகத்திலிருந்து பிறந்தவை. அவர் கருவியிற் சுருதிப்பூட்டு விழுந்திருக்குமாயின், எஞ்சுவது ஒரேயொரு சுரம்.

இடையில் ஒரு வேடிக்கையையும் குறிப்பிடலாம். ஸ்கிறாச் கலைஞர்கள் மிகுதியாகக் கையாண்ட ஒலிகளுள் ஒன்று, 1982இல் வெளிவந்த ‘சேஞ் த பீற்’ என்னும் இசைத்தட்டின் ஒரு பக்கத்து இறுதியில் வரும் சிறு குரலாகும். அக்குரல் வோகோடர்க் கருவியூடாகச் செலுத்தப்பட்டது. வோகோடரைப் பெல் ஆய்வுகூடத்தில் ஹோமர் டட்லி 1930களில் உருவாக்கினார். சுருதியைப் பூட்டிவைக்கும் பேஸ் வோகோடர் அதன் வழித்தோன்றல். பாட்டனார் தந்த ஒலியைப் பேரப்பிள்ளையிடமிருந்து காப்பாற்ற வேண்டியுள்ளது!

மென்பொருள் ஆக்குவோர் இச்சிக்கலை அறியாதவரல்லர். மிக்ஸ் என்னும் திறந்த மென்பொருளில், கை தட்டின்மேல் இயங்கும்போது சுருதிப்பூட்டின் கணிப்பு ஒதுக்கப்பட்டு, வேகத்தோடு சுருதியும் மாறும் பழைய வழியே பின்பற்றப்படுகின்றது. கையை எடுத்ததும் பூட்டு மீளும். பெரும்பாலான வேளைகளில் இது போதுமானது. மேளவொலியில் மாற்றமே தெரியாது. ஆயின் 6 சதவீதம் விரைவாக ஓடும் தட்டில் நீண்ட குரலொன்றைக் கையாளும்போது, கை விலகிய கணத்தில் ஏறத்தாழ ஓர் அரைச்சுரத் தாவல் கேட்கும். கை இருக்கும்வரை சுருதி வேகத்தைச் சார்ந்தது. கை போனபின் பூட்டைச் சார்ந்தது. இரண்டுக்குமிடையே தையல் போட இடமில்லை.

ஆகவே நான் இயந்திரத்தின் தீர்மானத்திற்கு விடுவதில்லை. இடப்பக்கத் தட்டிற் பாடல். அங்கே பூட்டு உண்டு. வலப்பக்கத் தட்டு கைக்குரியது. அங்கே பூட்டு இல்லை, நகர்பிடியும் பூச்சியத்திலேயே இருக்கும். ஸ்கிறாச்சுக்கு எடுக்கும் சிறு ஒலிக்கு வேகத்தைக் கையே கொடுப்பதால், அதனைப் பாடலின் வேகத்தோடு பொருத்தவேண்டிய தேவையில்லை.

இவ்வொழுங்கு ஓரிடத்தில் உடைகின்றது. ஒரே பாடலின் இரு பிரதிகளை இரு தட்டிலும் இட்டு, ஒன்றின் சொல்லை மற்றதன்மேல் வெட்டி ஒட்டும்போது இரண்டும் ஒரே வேகத்திலும் ஒரே சுருதியிலும் ஓடவேண்டும். வலப்பக்கம் பூட்டில்லாமல் ஏறிநிற்க, இடப்பக்கம் பூட்டோடு பழைய சுருதியில் நின்றால் இரண்டும் மோதும். இரண்டிலும் பூட்டிட்டாற் கைக்குப்பின் தாவல் கேட்கும். அவ்வேளைகளில் இரு பக்கப் பூட்டையும் திறந்துவிடுகின்றேன். பாடகியின் குரல் அரைச்சுரம் ஏறுகின்றது. நண்பி முகத்தைச் சுளிக்கின்றார், எழுந்து போவதில்லை.