துண்டில்லாத தூதன்

நோர்வூட்டில் மழைக்காலம் வந்துவிட்டால் பகலுக்கும் மாலைக்கும் வேற்றுமை கிடையாது. மூடுபனி வகுப்பறைச் சன்னலை மறைத்திருந்த ஒரு நாளில், உயர்தர வகுப்பு மாணவர்க்கு இன்புளுவென்சா வைரசைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

உயிர்க்கலத்தின் கருவில் எழுதப்படும் செய்தி, தூதர் ஆர்.என்.ஏ. வடிவில் வெளியே சென்றால்தான் புரதம் உருவாகும். அத்தூதன் புறப்படுமுன், கலம் அவன் நுனியை வெட்டி, ஏறத்தாழ 200 அடினின்களைக் கோத்து ஒரு வாலை ஒட்டுகிறது. வாலைப் பெறாத தூதர்களுட் பெரும்பாலோர் வெளியேற வழியின்றி உள்ளேயே சிதைந்துபோகின்றனர்.

வைரசின் சூது இங்கேதான் தொடங்குகிறது. தன் செய்தியின் தலைக்கு வேண்டிய தொப்பியை அது கலத்தின் தூதர்களிடமிருந்தே வெட்டித் திருடுகிறது. வாலுக்கோ கலத்தின் தயவு அதற்குத் தேவையில்லை. அதன் மூலப்படியின் முனையருகே 5 முதல் 7 யுரசில்கள் வரிசையாக உள்ளன. படியெடுக்கும் நொதியம் அவ்விடத்தில் திக்கித் திக்கி அவற்றையே மீண்டும் மீண்டும் படிப்பதால், அடினின் வால் நீண்டுவிடுகிறது. அதே வேளையில், இன்புளுவென்சா ஏ வகையின் பல இனங்களில், என்.எஸ்.1 என்னும் வைரசுப் புரதம் கலத்தின் வால் ஒட்டும் பொறியைப் பற்றி முடக்குகிறது. அயற்கலங்களை எச்சரிக்க வேண்டிய இன்டர்பெரோனின் செய்தியும் கருவுக்குள்ளேயே அடைபடுகிறது.

"சேர், இது அந்தக் காலத்துத் துண்டு மாதிரி இல்லையா?" என்றாள் பின்வரிசை மாணவி.

திடுக்கிட்டேன். கங்காணிக் காலத்தில், கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதித் தந்த சீட்டே துண்டு. அஃதில்லாதவரை வேறு தோட்டம் ஏற்காது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது.

"துண்டு கடன் சங்கிலி அம்மா, வாலோ செய்திக்கு உயிர். இரண்டும் ஒன்றாகுமா?" என்றேன்.

"ரெண்டும் இல்லாட்டி வெளிய போக முடியாதுதானே, சேர்?"

விடை கூற இயலவில்லை. என் நினைவு 1990ஆம் ஆண்டுக்குச் சென்றது. நேர்முகத் தேர்வுக்கு என்னை அழைத்த கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கேயே கிடந்து, நாள் கடந்தபின் எங்கள் லயத்தை அடைந்தது. எழுதப்படிக்க அறியாத என் அம்மா, நல்ல செய்தியென எண்ணி அதனைச் சாமி படத்தின் முன் வைத்திருந்தார். அந்தக் கடிதத்தால் நான் இழந்தவை இரண்டு ஆண்டுகள்.

வைரசுக்குப் பேராசையும் இல்லை, பகையும் இல்லை. அதன் பூட்டுக்கு நோக்கம் கற்பிப்பது அறிவியலாகாது. ஆனால் துண்டை எழுதியவர்கள் மனிதர்கள், ஒழித்தவர்களும் மனிதர்கள். இன்றும் பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. இதுவும் இயற்கையின் விதியன்று. மனிதர் செய்தது, மனிதரால் மாற்றத் தக்கது.

மணி அடித்தது. எல்லோரும் கலைந்தபின் அம்மாணவி மேசையருகே தயங்கி நின்றாள்.

"பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு உங்க வீட்டு முகவரியக் குடுக்கலாமா, சேர்?"

எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை நான்காக மடித்துப் புத்தகத்துள் வைத்துக்கொண்டு, அவள் பனிக்குள் இறங்கிச் சென்றாள். அவளுக்கும் ஒரு துண்டையே எழுதிக் கொடுத்தேனோ என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.