மாடியில் இருக்கும் அச்சுப்பொறி

எங்கள் இல்லத்தில் கணிப்பொறிகள் இரண்டு. அச்சுப்பொறி ஒன்றே ஒன்று. மாடியில் மகனுடைய அறையில் இருப்பது விண்டோசில் இயங்கும் கணிப்பொறி. அச்சுப்பொறி அதனோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. கீழே முன்னறைச் சன்னலோரம் இருக்கும் பழைய கணிப்பொறி என்னுடையது. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டபோது, "இதைத் தூக்கிப்போட வேண்டாம்ப்பா" என்று சொல்லி, மகன்தான் அதில் லினக்சை நிறுவிக் கொடுத்தான். அச்சிட வேண்டியது ஏதேனும் இருந்தால் பென் டிரைவில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோவேன். அவன் அச்சிட்டுத் தருவான். சில ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

பிறகு என் மனைவி இறந்தாள்.

1979 முதல் 1986 வரை நான் நெய்வேலியில் வேலை பார்த்தேன். அவள் பாளையங்கோட்டையில் என் பெற்றோருடன் இருந்தாள். அந்த ஆண்டுகளில் அவள் எழுதிய இன்லண்டு கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் அப்படியே இருந்தன. மாலை வேளைகளில் அமர்ந்து அவற்றைத் தட்டச்சு செய்யலானேன். அறுபத்தொரு பக்கங்கள் வந்தன. முதலாம் ஆண்டு நினைவுநாளுக்குள் அவற்றை அச்சிட்டுத் தைத்து வைத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் மகனிடம் கொடுக்க மனம் வரவில்லை. அவள் மறைந்த நாள்முதல் நாங்கள் இருவரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பால் கணக்கு, மின்கட்டணம், மோட்டார் போட்டாயிற்றா என்பன மட்டுமே எங்கள் உரையாடல். ஆகவே, கீழிருந்தபடியே அவனுடைய அச்சுப்பொறிக்கு அனுப்பிவிட்டு, ஓசையின்றி மேலே சென்று எடுத்து வந்துவிடலாம் என்று திட்டமிட்டேன்.

ஒரே வீட்டில், ஒரே இணைப்பில் இருக்கும் இரு பொறிகள் பேசிக்கொள்வதில் என்ன தடை என்றுதான் நானும் எண்ணினேன். தடை இருந்தது. விண்டோஸ் தன் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். லினக்சுக்கு அது தாய்மொழி அன்று. அதைக் கற்றுக் கொடுத்த நிரலின் பெயர் சாம்பா. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-ஆம் ஆண்டின் இறுதியில் அதைத் தொடங்கினார். இலக்கண நூல் எதுவும் அவர் கையில் இல்லை. ஒரு கணிப்பொறி கேட்பதையும் மற்றொன்று பதிலிறுப்பதையும் கம்பியில் ஒட்டுக்கேட்டு, இதற்கு இது பொருளாயிருக்கும் என்று ஊகித்து, சொல் சொல்லாகக் கற்றார். அயல்நாட்டு உணவகத்தில் அமர்ந்து, பரிமாறுபவரும் உண்பவரும் பேசுவதைக் கவனித்தே மொழி பயில்வது போன்றது அது என்று பின்னாளில் விளக்கினார். (பெயரைக் கேட்டு நெல் என்று எண்ண வேண்டாம். எஸ், எம், பி என்னும் எழுத்துகள் வரிசையாக வரும் சொற்களைத் தேடியபோது அகப்பட்ட பெயர் அது.) அந்த மொழியின் முழுமையான விளக்க ஆவணங்கள் சாம்பா குழுவினருக்குக் கிடைக்க 2007 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்கு ஐரோப்பிய ஆணையத்தின் தீர்ப்பும், பத்தாயிரம் யூரோ கட்டணமும் தேவைப்பட்டன. பதினாறு ஆண்டுகள்! கேட்டுக் கேட்டே கற்றவர்களின் பொறுமையை நினைத்து வியந்தேன்.

லினக்சில் அச்சுப்பணிகளைக் கவனித்துக்கொள்வது கப்ஸ் என்னும் நிரல். அதனிடம் முகவரி கொடுத்தேன்: எஸ்எம்பி, ஒரு முக்காற்புள்ளி, இரு சாய்கோடுகள், மகனுடைய கணிப்பொறியின் பெயர், மீண்டும் ஒரு சாய்கோடு, அச்சுப்பொறிக்கு இடப்பட்ட பகிர்வுப் பெயர். அவன் வேலைக்குச் சென்றிருந்த பகலில் அனுப்பினேன். பதிலே இல்லை. அவனுடைய கணிப்பொறி அணைந்திருந்தது. அது விழித்திருக்கும்போது அவனும் அங்கே இருப்பான் என்னும் சிறு உண்மை எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தெரியவில்லை.

இரவில் மீண்டும் அனுப்பினேன். இம்முறை பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. மகன் தன் கணிப்பொறிக்குக் கடவுச்சொல்லே வைத்ததில்லை. பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும். ஆகவே அவன் பெயரை எழுதி, கடவுச்சொல்லை வெறுமையாக விட்டேன். அனுமதி மறுக்கப்பட்டது. மூன்று நாள்கள் மறுக்கப்பட்டது. பிறகுதான் காரணம் விளங்கிற்று. கடவுச்சொல் இல்லாத கணக்கு, அந்தப் பொறியின் முன்னால் நேரில் வந்து அமர்பவருக்கு மட்டுமே திறக்கும்; வலைவழியாகத் தட்டுபவருக்குத் திறக்காது. விண்டோசின் இயல்பான விதி அது, நல்ல விதியும்கூட. தெருவழியே போகிற எவரும் நுழைந்துவிடக் கூடாதல்லவா? எனினும், பூட்டே இல்லாத கதவின் முன் மூன்று நாள் நின்றவனின் நிலை எனக்குச் சிரிப்பையும் சலிப்பையும் ஒருங்கே தந்தது.

வேறு வழியில்லை. மாடிக்குச் சென்று கேட்டேன்.

"என்னப்பா அச்சடிக்கணும்? குடுங்க, நானே அடிச்சுத் தர்றேன்."

"ஒண்ணுமில்ல தம்பி, ஒரு கட்டுரை. அடிக்கடி உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்த்தேன்."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. தன் கணிப்பொறியில் எனக்கெனத் தனிக்கணக்கு ஒன்றைத் தொடங்கினான். பெயர் 'அப்பா'. கடவுச்சொல்லை நானே தட்டச்சு செய்யட்டும் என்று எழுந்து சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

கீழே வந்து அனுப்பினேன். மாடியில் அச்சுப்பொறி இரைந்தது. சற்று நேரத்தில் மகனின் குரல்: "அப்பா, என்ன மந்திரமெல்லாம் வருது? தாள் போய்க்கிட்டே இருக்கு!" ஓடிப்போய்ப் பார்த்தால், சதவீதக் குறியும் வியப்புக்குறியும் ஆங்கில எழுத்துகளுமாகப் பன்னிரண்டு தாள்கள். தவறு என்னுடையது. இந்த ஏற்பாட்டில் விண்டோஸ் எதையும் மொழிபெயர்ப்பதில்லை. தபால்காரர் உறையைப் பிரிக்காததுபோல, வந்ததை வந்தபடியே அச்சுப்பொறியிடம் சேர்த்துவிடுகிறது. அச்சுப்பொறிக்குப் புரியும் மொழியில் எழுதி அனுப்ப வேண்டியது என் லினக்சின் பொறுப்பு. நானோ பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பதைத் தேர்ந்திருந்தேன். அந்த எளிய அச்சுப்பொறிக்கு அது தெரியாது. சரியான மாதிரிக்குரிய இயக்கியைத் தேடி நிறுவ இன்னொரு மணி நேரம் ஆயிற்று.

இரவு பத்து மணிக்கு மீண்டும் அனுப்பினேன். இரைச்சல் சீராகக் கேட்டது. தாள்கள் ஒவ்வொன்றாக விழும் ஓசையும் கேட்டது. இம்முறை மாடியிலிருந்து குரல் எதுவும் வரவில்லை. அச்சிடுவது நான், தாள் விழுவது அவன் மேசையருகில் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படியேறினேன்.

அறுபத்தொரு பக்கங்களும் வந்து முடிந்திருந்தன. தட்டில் பாதிதான் இருந்தது. மீதி அவன் மடியில். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தான். தலை நிமிராமலே கேட்டான்:

"அம்மா கிணத்துல விழுந்த குடத்தை எடுக்க யாரையோ கூப்பிட்டதா எழுதியிருக்காங்களே, அது எந்த வருஷம்ப்பா? நான் பிறந்தாச்சா?"

"எண்பத்திரண்டு. நீ கைக்குழந்தை" என்று சொல்லி, கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தேன்.