ஒட்டுத் தெரியாத எவர்சில்வர்

சிகாகோ மிலேனியம் பூங்காவுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. செல்ஃபிக் கூட்டம் சேர்ந்துவிட்டால் ‘கிளவுட் கேட்’ சிற்பத்தில் நம் முகத்தைத்தான் பார்ப்போம். அதைச் செய்தவர்களின் வேலையைப் பார்க்க மாட்டோம்.

இதை வடிவமைத்த சிற்பி அனிஷ் கபூர் 1954இல் மும்பையில் பிறந்தவர். 1973இல் கலை படிக்க லண்டன் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். 1979இல் இந்தியா வந்து திரும்பியபின் அவர் தொடங்கிய ‘1000 பெயர்கள்’ வரிசையில், சிவப்பும் மஞ்சளுமாக வண்ணப்பொடி போர்த்திய வடிவங்கள் தரையில் குவிந்திருக்கும். தலைப்பைக் கேட்டதும் நமக்குச் சகஸ்ரநாமம் நினைவுக்கு வரும். ஆனாலும் ‘இந்தியக் கலைஞர்’ என்ற முத்திரையை அவர் விரும்புவதில்லை.

கிளவுட் கேட்டில் தாமரையும் இல்லை, தெய்வமும் இல்லை. மேலைநாட்டு நவீனச் சிற்பத்துக்கே உரிய வெறும் வளைவு. அதன் அடியில் நுழைந்து அண்ணாந்து பார்த்தேன். உட்குழிந்து மேலே போகும் அந்தப் பகுதிக்குத் தொப்புள் என்று பொருள்படும் கிரேக்கப் பெயர். என் உருவம் பலவாகச் சிதறி உள்ளே இழுபட்டது. கருவறை வாசலில் நிற்பதுபோல் இருந்தது. கபூரின் இந்தியா அலங்காரத்தில் இல்லை, இந்த வெற்றிடத்தில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஆனால் வெற்றிடத்தைச் சுற்றி ஒரு சுவர் வேண்டுமே! 33 அடி உயரம், 66 அடி நீளம், சுமார் 100 டன் எடை. 168 எவர்சில்வர் தகடுகளைக் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் வளைத்து, லாரிகளில் ஏற்றிவந்து, இங்கே வைத்து வெல்டிங் செய்தார்கள். 2004 ஜூலையில் பூங்கா திறந்தபோது தகடுகளின் ஒட்டுகள் அப்படியே தெரிந்தன. அடுத்த ஆண்டு சிற்பத்தைக் கூடாரத்தால் மூடிவிட்டு, தொழிற்சங்க இரும்பு வேலைக்காரர்கள் உள்ளே இறங்கினார்கள். வெல்டிங் மேட்டைக் கிரைண்டிங் செய்து கரைப்பதில் தொடங்கி, பஃபிங்கில் முடியும் ஐந்து கட்ட வேலை. ஓர் இடத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டாலும் அங்கே பிம்பம் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். 2006 மே 15 அன்றுதான் சிற்பம் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது.

விரலால் தடவியபடி ஒரு சுற்று வந்தேன். ஓர் ஒட்டுகூடத் தட்டுப்படவில்லை. கை எட்டும் உயரம்வரை நாள்தோறும் துடைக்கிறார்கள். நான் பதித்த ரேகையும் அதில் போயிருக்கும்.

இரு மரபுகளை இணைத்தவர் என்று கபூரைப் புகழ்கிறோம், சரிதான். அந்த இணைப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியவர்கள் வெல்டர்களும் பஃபிங் ஆட்களும். சிகாகோ போனால் செல்ஃபி எடுங்கள். எடுத்தபின் ஓர் ஒட்டையாவது கண்டுபிடிக்க முடிகிறதா என்று தேடியும் பாருங்கள்.