விஷத்துக்கு விஷம்

பூச்சிமருந்து குடித்தவரைத் தூக்கி வருகிறவர்கள் "வயிற்றுவலி, டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போலீஸுக்குப் பயம், ஊர்வாய்க்கு அதைவிடப் பயம்.

அதனால் டாக்டர் கண்ணைப் பார்க்கிறார். கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கி, எச்சில் வழிந்து, உடம்பு தெப்பமாக வியர்த்து, நெஞ்சில் களகளவென்று சத்தம் கேட்டால், ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து என்று ஊகித்துவிடுகிறார். தன் உடம்பில் சுரக்கும் நீரிலேயே அந்த மனிதர் மூழ்கிக்கொண்டிருக்கிறார்!

முறிவு மருந்து அட்ரோபின். அதுவும் விஷந்தான், பெல்லடோனாச் செடியில் இருப்பது. இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்கு 'அழகி' என்று அர்த்தம். கண்மணி விரிந்து அழகாகத் தெரிய அதன் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டார்களாம் அந்நாட்டுப் பெண்கள். டாக்டருக்கோ கண் விரிந்தால் போதாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்க்கிறார். ஈரச் சத்தம் அடங்கி, நாடி தேறும்வரை மருந்தை இரட்டித்துக்கொண்டே போகிறார்.

வீட்டார் செய்யும் உபசாரம் உப்புத் தண்ணீரும் சாணிக் கரைசலும் புகட்டுவது. வாந்தி நுரையீரலில் இறங்கினால் அதுவே இன்னொரு ஆபத்து. நனைந்த துணியைக் கழற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே கொண்டுபோவதுதான் உதவி. புட்டியையும் மறைக்க வேண்டாம். எல்லாப் பூச்சிமருந்துக்கும் அட்ரோபின் முறிவல்ல. மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூச்சு அப்படிக் காத்திருக்காது.